மங்கும்போது தெரியும் துணை

மீரா என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் இலக்கிய வாசகரின் நினைவுக்கு வருபவர்கள் இருவர். ஒருவர், கண்ணனையன்றி வேறெவரையும் மனத்தால் வரிக்காத இராஜபுத்திர இளவரசி. மற்றவர், சிவகங்கையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்துகொண்டே ‘அன்னம்’ பதிப்பகத்தை நடத்திய கவிஞர். இக்கட்டுரை அவ்விருவரையும் பற்றியதன்று. வானத்திலும் ஒரு மீரா இருக்கிறது. அப்பெயர் ‘வியப்புக்குரியது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். அதற்கும் நம் மீராக்களுக்கும் ஒலியொப்புமை தவிர வேறு உறவில்லை.

வானத்து மீரா ஒரு முதிய விண்மீன். சூரியனைக் காட்டிலும் சற்றே கூடுதலான எடை கொண்டது. ஆனால் முதுமையில் ஊதிப் பெருத்துச் சூரியனைப் போல் முந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட ஆரம் பெற்றுவிட்டது. சூரியன் இருக்கும் இடத்தில் அதனை வைத்தால் புதன், வெள்ளி, புவி ஆகியவற்றின் பாதைகள் அனைத்தும் அதன் வயிற்றுக்குள் அடங்கிவிடும். அறிவியல் நூல்கள் இத்தகையவற்றைச் ‘சிவப்பு அரக்கன்’ என்கின்றன. எங்களுக்கு அச்சொல் உவப்பில்லை. ‘செம்பெருமீன்’ என்றே எழுதுவோம். அரக்கன் என்றால் கேடு செய்பவன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இவ்விண்மீன் செய்வதெல்லாம் தன்னிடமுள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் விடுவதுதான்.

இந்தப் பெருமீன் தனித்ததன்று. அதனருகே சிறிய துணை ஒன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்த இரட்டை விண்மீன் அமைப்பைத்தான் நாம் ஒற்றைப் புள்ளியாகக் கண்டு மீரா என்கிறோம். அத்துணையைப் பற்றி எழுதவே இதனைத் தொடங்கினோம். ஆனால் துணையை அடைய வேண்டுமானால் பெருமீனைக் கடந்துதான் செல்ல வேண்டும். மனிதர்களும் அவ்வழியாகத்தான் சென்றார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

இங்கே ‘நாங்கள்’ என்பது யார் எனச் சொல்லிவிடுதல் முறை. நாங்கள் கணவனும் மனைவியும். இருவரும் கல்லூரி ஆசிரியர்கள். ஒருவர் துறை தமிழ், மற்றவர் துறை இயற்பியல். எங்கள் வீட்டில் ஒருவர் உவமை சொன்னால் மற்றவர் அளவு கேட்பார். இக்கட்டுரையும் அவ்வாறே நடக்கும்.

*

1596ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். இன்றைய ஜெர்மனியின் வடமேற்குக் கடற்கரையான கிழக்கு ஃபிரீஸ்லாந்தில் டேவிட் ஃபாப்ரீசியஸ் என்ற பாதிரியார் ஒரு கோளின் இடத்தைக் குறிப்பதற்காக அருகிலிருந்த விண்மீன் ஒன்றை அடையாளமாகக் கொண்டார். சில நாட்களில் அந்த விண்மீன் ஒளி கூடியிருப்பதைக் கண்டார். அக்டோபருக்குள் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டது. திடீரெனத் தோன்றி அழியும் ‘புது விண்மீன்’களில் ஒன்று என அவர் கருதியதில் வியப்பில்லை, 1572இல் டைக்கோ பிராஹி அப்படியொன்றைக் கண்டு எழுதியிருந்தார். ஆனால் 1609இல் ஃபாப்ரீசியஸ் அதே இடத்தில் அதே விண்மீனை மீண்டும் கண்டார். இறந்ததாக எண்ணியது இறக்கவில்லை.

நிலவுக்கு அப்பாலுள்ள வானில் மாற்றமே கிடையாது என்பது அரிஸ்டாட்டில் வழிவந்த அக்கால ஐரோப்பியக் கல்வி. அந்தக் கல்வியின் மேல் தந்தை ஒரு கல்லெறிந்தார் என்றால் மகன் மற்றொன்றை எறிந்தார். அவருடைய மகன் ஜோஹன்னஸ் 1611இல் தொலைநோக்கியால் சூரியனின் கரும்புள்ளிகளைக் கண்டு அச்சேற்றினார். தந்தை விண்மீன் மாறுவதைக் கண்டார். மகன் சூரியனே மாசுடையது எனக் கண்டார். இளமையிலேயே மகன் இறந்தார். 1617இல் தந்தையும் கொல்லப்பட்டார். வாத்துத் திருடியதாகப் பிரசங்க மேடையிலிருந்து அவரால் சுட்டப்பட்ட குடியானவன் ஒருவன் மண்வெட்டியால் தாக்கினான் என்பது அவரைப் பற்றி வழங்கும் வரலாறு. தாம் கண்ட விண்மீன் மறைவதும் தோன்றுவதும் ஓர் ஒழுங்கில் நிகழ்கின்றன என்பதை அறியாமலே அவர் போய்விட்டார்.

அந்த ஒழுங்கைக் கண்டவர் நெதர்லாந்தின் ஃபிரானெக்கர் நகரத்து ஹோல்வார்டா. 1638இல் அவர் இவ்விண்மீனைக் கண்டு, மறைந்ததும் விடாமல் காத்திருந்து, ஏறத்தாழ பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அது திரும்பி வருகிறது என்று கணித்தார். 1662இல் டான்சிக் நகரின் ஹெவேலியஸ் அதன் வரலாற்றை எழுதி மீரா என்று பெயரிட்டார். 1667இல் பிரெஞ்சுக்காரரான பூயோ 333 நாட்கள் என்றார். இன்றைய கணக்கு 332 நாட்கள். தொலைநோக்கியின் கண்ணாடி இன்னும் சரியாகத் தேய்க்கப்படாத காலத்தில், ஒருநாள் வேறுபாட்டில் சொல்லிவிட்டார்கள். பொறுமையே அவர்களின் பெருங்கருவி.

இந்த ஒளிமாற்றத்தை அளக்கும் முறையில் சென்னைக்கும் ஒரு தொடர்புண்டு. விண்மீன்களின் ஒளித்தரத்தை ஐந்து படிகளுக்கு நூறு மடங்கு என்ற கணக்கில் ஒழுங்குபடுத்தியவர் நார்மன் போக்சன். 1856இல் அதனை முன்மொழிந்த அவர், 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து 1891இல் இறக்கும்வரை இங்கேயே பணியாற்றினார். அவருக்கு உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் தென்வானில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுவும் மீரா வகையைச் சேர்ந்ததே. ‘மீரா வகை’ என்று சொல்லுமளவுக்கு இப்போது அத்தகையவை ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுவிட்டன. போக்சனின் கணக்கில் மீரா உச்சத்தில் இரண்டாம் தரத்தை எட்டுவதுண்டு. தாழ்ந்தால் பத்தாம் தரம் வரை போவதுண்டு. அந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே ஒளியின் வேறுபாடு ஏறத்தாழ 1,600 மடங்கு.

*

ஆயிரத்து அறுநூறு மடங்கு மங்கும் ஒரு விண்மீன் அணைந்துகொண்டிருக்கிறது என்றே யாரும் நினைப்பார்கள். உண்மை அதுவன்று.

மீரா மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குகிறது. விரியும்போது அதன் மேற்பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த புறவெளியில் டைட்டானியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகள் உருவாகின்றன. அவை நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. அந்த ஆற்றல் எங்கும் தொலைவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களாக வெளியேறுகிறது. அகச்சிவப்பில் பார்க்கும் கருவிக்கு மீரா பெரிதாக மங்குவதே இல்லை. நாம் பார்க்கும் சாளரத்திலிருந்து ஒளி வேறொரு சாளரத்துக்கு மாறிவிடுகிறது, அவ்வளவே.

இதனைப் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் அப்பாவின் நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. எங்களில் ஒருவருக்கு அவர் தந்தை, மற்றவருக்கு மாமனார். ஆயினும் இருவரும் அப்பா என்றே அழைப்போம். முப்பத்தைந்து ஆண்டுகள் நில அளவைத் துறையில் பணிபுரிந்தவர். நெடிய உருவம், ஓங்கிய குரல். அவர் வேலை பார்த்த ஊர்களில் எல்லாம் எங்கள் வீட்டுக்குச் ‘சர்வேயர் வீடு’ என்றே பெயர். வரப்புத் தகராறில் கட்டிப் புரண்ட பங்காளிகள்கூட அவர் சங்கிலியை விரித்ததும் விலகி நின்றுவிடுவார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அவர் முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர்களை இழந்தார். பிறகு கிழமைகளை. பிறகு, சாப்பிட்டாயிற்று என்பதை. சில நாட்கள் முழுத் தெளிவோடு பழைய தாசில்தார்களைப் பெயர் சொல்லிக் கடிந்துகொள்வார். அடுத்த வாரம் எங்களைப் பார்த்து, ‘நீங்க எந்த ஊரு?’ என்பார். மீராவுக்கு 332 நாள் என்ற கணக்கு உண்டு. அவருக்கு அப்படி எதுவும் இல்லை. உவமை முறியும் முதல் இடம் இது.

ஆனால் மற்றொன்றும் நடந்தது. பக்கத்து மனையில் சுற்றுச்சுவர் எழுப்ப நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். திண்ணை நாற்காலியில் இருந்தபடியே அப்பா, ‘கிழக்கால சாயுது’ என்றார். கொத்தனார் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அப்பா விடவில்லை. ஐந்தாறு முறை சொன்னார். மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது நூல் உண்மையிலேயே கிழக்கே விலகியிருந்தது. காலையில் இட்லி தின்றது நினைவில்லாத மனிதருக்கு நேர்கோடு நினைவில் இருந்தது. இப்போதும் மொட்டை மாடியை நடந்து அளந்து ‘இத்தனை லிங்க்ஸ்’ என்று சொல்வதுண்டு. அளவுநாடா கொண்டு சரிபார்த்திருக்கிறோம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எந்தச் சாளரத்தில் ஒளி இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு அதன்பின் வந்தது. அந்த மட்டில் உவமை நிற்கிறது.

*

தொல்காப்பிய உவமவியலைக் கற்பிக்கும்போது மாணவர்களுக்குச் சொல்வது ஒன்றுண்டு. உவமை தோன்றும் வகைகளாக வினை, பயன், மெய், உரு என நான்கை அந்நூல் வகுக்கிறது. ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடும்போது எதனால் ஒப்பிடுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். செயலாலா, விளைவாலா, வடிவாலா, நிறத்தாலா? இந்தக் கேள்வி கேட்காமல் எழுதப்படும் உவமைகள்தான் இன்று நம் கவிதைகளில் மலிந்து கிடக்கின்றன. ‘வானம்போல்’, ‘நட்சத்திரம்போல்’ என்று எழுதுபவரிடம் ‘எவ்வகையால்?’ என்று கேட்டால் விடை வருவதில்லை.

மீராவையும் எங்கள் அப்பாவையும் இந்நான்கிலும் வைத்துப் பார்த்தோம். மெய்யால் ஒப்பில்லை. விண்மீன் முதுமையில் பெருக்கிறது, மனிதர் சுருங்குகிறார். உருவாலும் ஒப்பில்லை. வினையால் பாதி ஒப்பு: மங்குவதும் தெளிவதும் உண்டு, முறை இல்லை. எஞ்சியது பயன். அங்கேதான் துணை வருகிறது.

மீராவுக்கு ஒரு துணை உண்டு என்பதை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் ஆல்ஃபிரட் ஜாய் என்பவர் மீராவின் நிறமாலையை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்துவந்தார். உச்சத்தில் இருக்கும்போது எடுத்த பதிவுகளில் செம்பெருமீனின் அடையாளங்கள் மட்டுமே இருந்தன. மங்கிக் கிடக்கும் காலத்துப் பதிவுகளில் வேறொன்றும் கலந்து தெரிந்தது. அது குளிர்ந்த செம்மீனுக்கு உரியதன்று. வெப்பம் மிகுந்த சிறிய விண்மீனுக்கு உரியது. அருகில் ஒரு துணை இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1923 அக்டோபரில் லிக் வானாய்வகத்தின் 36 அங்குலத் தொலைநோக்கியால் ராபர்ட் ஐட்கென் பார்த்தார். பெருமீனை ஒட்டி, ஒரு வில்நொடிக்கும் குறைவான இடைவெளியில், துணை இருந்தது. ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு.

ஃபாப்ரீசியஸ் முதலில் கண்ட நாளிலிருந்து 327 ஆண்டுகள். அத்தனை காலமும் துணை அங்கேதான் இருந்தது. எத்தனையோ பேர் அதே புள்ளியை உற்றுப் பார்த்துக் கணக்கெழுதினார்கள். பெருமீன் ஒளிர்ந்துகொண்டிருக்கும்வரை துணைக்கென்று தனி ஒளி இருப்பது தெரியாது. மங்கினால்தான் தெரியும்.

எங்கள் அம்மா ஊராருக்குச் ‘சர்வேயர் சம்சாரம்’. அப்பாவின் குரல் ஓங்கியிருந்த காலத்தில் கூடத்தில் அம்மாவின் குரல் கேட்டதில்லை. அப்பா மங்கியபின் அது கேட்கத் தொடங்கியது. ஓய்வூதிய நேர்காணலுக்கு எந்தத் தாள்களை எடுத்துச் செல்ல வேண்டும், எந்த ஊரில் எந்த ஆண்டு இருந்தோம், எந்த வீட்டுக் கிணறு உப்பு, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊரில் அம்மை போட்டது என்று பதினொரு ஊர்களின் வரலாறும் அம்மாவிடம் இருந்தது. அப்பா நிலத்தை அளந்தார். அந்த நிலங்களில் நாங்கள் வாழ்ந்த வாழ்வின் புலப்படம் அம்மாவிடம்தான் இருந்தது. அப்பா ஏதோ ஒரு பெயரைத் தேடித் தடுமாறும்போது, அடுக்களையிலிருந்து அப்பெயர் வரும். அவர் தாமே கண்டெடுத்ததுபோல் அதைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வார்.

*

இவ்வளவோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல குடும்பக் கதை. ஆனால் எங்களில் இயற்பியல் படித்தவர் நிறுத்த விடவில்லை. துணைக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பெருமீனிலிருந்து வாயுவும் தூசியும் காற்றாக வீசிக்கொண்டே இருக்கின்றன. அதில் ஒரு பகுதியைத் துணை தன் ஈர்ப்பால் பிடிக்கிறது. பிடித்தது நேராக விழுவதில்லை; துணையைச் சுற்றித் தட்டாகச் சுழன்று, சூடேறி, மெல்ல அதன்மேல் படிகிறது. 1995இல் ஹபிள் தொலைநோக்கி இரண்டையும் தனித்தனியே படம் பிடித்தது. பின்னர் சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கியும் இரண்டையும் பிரித்துக் காட்டி, இடையே பொருள் பாய்வதற்கான தடத்தையும் காட்டியது. பெருமீனுக்கும் துணைக்கும் இடையிலுள்ள தொலைவு, புவிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ளதைப் போல் ஏறத்தாழ எழுபது மடங்கு. அத்தனை தூரத்திலிருந்தும் ஒன்றின் இழப்பு மற்றொன்றின்மேல் விழுகிறது.

சந்திரா என்ற பெயர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக இடப்பட்டது. மீராவின் துணை, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறுமீன் வகையைச் சேர்ந்தது என்பதற்கான சான்றுகள் 2010இல் வெளியாயின. அவ்வகை மீன்கள் எவ்வளவு எடையைத்தான் தாங்கும் என்று 1930களின் தொடக்கத்தில் கணக்கிட்டுச் சொன்னவர் சந்திரசேகரே. சூரியனின் எடையில் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதற்குமேல் தாங்காது. மீராவின் துணை அந்த எல்லைக்கு அருகில் இல்லை. ஆனால் எல்லையை எட்டாமலேயே வெடிப்பவையும் உண்டு. மேலே படிந்த பொருள் ஓரளவு சேர்ந்ததும் அந்தப் படலம் மட்டும் தீப்பற்றி வெடிக்கும். வட மகுடக் குழுவில் ஒரு செம்பெருமீனும் வெண்குறுமீனும் நெருங்கிச் சுழலும் இரட்டை ஒன்று உண்டு. அது 1866இல் ஒருமுறையும் 1946இல் ஒருமுறையும் இவ்வாறு வெடித்து வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. இடைப்பட்ட எண்பது ஆண்டுகளும் அது அமைதியாகத்தான் இருந்தது. படிந்துகொண்டிருந்தது என்று சொல்வதே சரி.

2023ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு அண்ணனும் அக்காவும் வந்திருந்தார்கள். அப்பாவை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. இரவில் எழுந்து தெருக்கதவைத் திறக்கத் தொடங்கியிருந்தார். ‘வயலுக்கு ஆள் வந்திருக்கும்’ என்பார். அண்ணன் சென்னையில் ஒரு காப்பகத்தை விசாரித்துவைத்திருந்தார். செலவை முழுதும் தாமே ஏற்பதாகவும் சொன்னார். அப்பா அங்கே, அம்மா மூன்று மூன்று மாதம் ஒவ்வொரு பிள்ளை வீட்டிலும் என்பது அவர் யோசனை. அதில் அன்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அக்கா அழுதாள். அம்மாவால் அவரை விட்டுப் பிரிந்திருக்க முடியாது என்றாள். ஐம்பத்தெட்டு ஆண்டுத் தாம்பத்தியம், சீதையும் இராமனும் என்று பேச்சு வளர்ந்தது. எங்களில் தமிழ் படித்தவருக்கும் அந்தப் பேச்சில் ஒரு சொந்த ஊர்ச் சுகம் இருந்தது.

அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

‘அவரை எங்கயும் அனுப்ப வேணாம். என்னையும் சீதைன்னு சொல்ல வேணாம். தினமும் மூணு மணி நேரம் நான் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கணும். அந்த நேரம் அவரு கூப்பிட்டா நான் எந்திரிக்க மாட்டேன். அதுக்கு யாராவது வழி பண்ணுங்க. இல்லன்னா அவருக்கு முன்னால நான் போயிடுவேன்.’

அம்மாவின் குரல் உயரவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லும் அதே குரல். கூடத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அப்பா மட்டும், ‘யாரு போறா?’ என்றார்.

துணையைப் போற்றுவதில் நம் மரபு குறை வைத்ததில்லை. கற்பு என்றும் பொறை என்றும் எத்தனை சொற்கள்! ஆனால் போற்றுவது வேறு, எடை பார்ப்பது வேறு. ஒருவரின் மேல் எவ்வளவு விழுகிறது, எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடுவதற்குக் கற்பு என்ற சொல் உதவாது. சந்திரசேகர் வெண்குறுமீனைப் புகழவில்லை. அது எவ்வளவு தாங்கும் என்று கேட்டார். அந்த மாலையில் அம்மா கேட்டதும் அவ்வகைக் கேள்விதான். விடையையும் அவரே சொல்லிவிட்டார்: மூன்று மணி நேரம்.

வழி செய்வது கடினமாக இல்லை. கல்லூரி விட்டு வந்ததும் நாலரையிலிருந்து ஏழரை வரை நாங்கள் இருவரும் முறைவைத்து அப்பாவோடு இருக்கிறோம். அண்ணன் காப்பகத்துக்கு ஒதுக்கிய பணத்தில் இரவுக்கு ஓர் உதவியாளரை அமர்த்தினார். அக்கா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் வந்து தங்குகிறாள். முதல் மாதம் முழுவதும் அம்மா சொன்னபடியே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். பிறகு தூக்கம் குறைந்தது. ஆற்றுப் படித்துறைக்குப் போய்வரத் தொடங்கினார். அங்கே என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. அது அவருடைய மூன்று மணி நேரம்.

விண்மீன்களுக்கு இப்படி முறைவைக்க ஆளில்லை. உவமை முறியும் இரண்டாவது இடம் இது. முறிவதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. எல்லா வகையிலும் ஒத்துப்போகும் உவமை மனிதருக்குச் செய்வதற்கு எதையும் விட்டுவைப்பதில்லை.

*

பயனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்.

2003இல் ஏவப்பட்ட கேலக்ஸ் என்ற தொலைநோக்கி புறஊதாக் கதிர்களில் வானத்தைப் படம் பிடித்தது. மீரா இருக்கும் பகுதியைப் பிடித்தபோது, நானூறு ஆண்டுகளாக யாரும் காணாத ஒன்று அதில் இருந்தது. 2007 ஆகஸ்டில் கிறிஸ்டோபர் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் அதனை வெளியிட்டார்கள். மீராவின் பின்னே ஒரு வால் நீண்டிருந்தது. வால்மீன்களுக்கு உண்டே, அப்படி. ஆனால் நீளம் பதின்மூன்று ஒளியாண்டுகள். சூரியனுக்கு அடுத்துள்ள விண்மீனின் தொலைவைப் போல் மூன்று மடங்கு. மீரா நொடிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் விண்வெளி வாயுவைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. அது உதிர்த்தவை பின்தங்கி வாலாகின்றன. வாலின் கடைக்கோடியில் இருப்பது ஏறத்தாழ முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்தது. அந்தக் காலத்தில் அது இழந்த பொருள், புவியைப் போன்ற மூவாயிரம் கோள்களுக்காவது போதும் என்று அக்குழுவினர் கணக்கிட்டார்கள். துணை பிடித்துக்கொண்டது அதில் சிறு பங்குதான். மற்றதெல்லாம் வழியெங்கும் சிதறி, இனி பிறக்கப்போகும் விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் மண்ணாகும்.

அப்பா அளந்து நட்ட எல்லைக் கற்கள் பதினொரு ஊர்களில் இருக்கின்றன. அவற்றை நட்டவர் யாரென்று அவ்வயல்காரர்களுக்குத் தெரியாது. இப்போது அவருக்கும் தெரியாது. கற்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து உழவு நடக்கிறது, பாகப்பிரிவினை நடக்கிறது, வழக்கும் நடக்கும். பயனால் ஒப்பு என்று நாங்கள் கருதுவது இதைத்தான். இதற்குமேல் இழுத்தால் அறும்.

மீராவைப் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. வான நடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில் இருப்பதால் தமிழ்நாட்டில் அது ஏறத்தாழத் தலைக்கு மேலாகவே செல்லும். கார்த்திகை முதல் மாசி வரையிலான முன்னிரவுகள் உகந்தவை. உரோகிணியிலிருந்து தென்மேற்கே, திமிங்கலம் எனப்படும் மங்கலான குழுவில் அதன் இடம். உச்சம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக வந்துவிடும். சில ஆண்டுகளில் அது சித்திரையில் விழும். அப்போது சூரியனும் அதே திசையில் இருப்பதால் உச்சத்தைக் காண இயலாது. நாங்கள் 2018 டிசம்பரில் வெறுங்கண்ணால் கண்டோம். மற்ற பருவங்களில் நல்ல இருகண்நோக்கி வேண்டும். அடிமட்டத்தில் அதுவும் சில வேளை போதாது. துணையை நம் வீட்டுக் கருவிகளால் காணவே முடியாது. இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்க்கலாம்.

இப்போது நம் கண்ணை அடையும் அதன் ஒளி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. துணை பெருமீனோடு ஒருமுறை சுற்றிவர ஐந்நூறு ஆண்டுகள் போல் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். கண்டுபிடித்த நாள்முதல் இன்னும் கால் சுற்றுகூட ஆகவில்லை.

சென்ற ஆண்டு ஒரு மார்கழி இரவில் அம்மாவை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று அந்த இடத்தைக் காட்டினோம். அப்பா கீழே உதவியாளரோடு இருந்தார். பெரியதொன்றும் சின்னதொன்றும் என்று விளக்கியதை முழுவதும் கேட்டுவிட்டு அம்மா கேட்டார்: ‘எது எதைச் சுத்துது?’

எங்களில் இயற்பியல் படித்தவர் சொன்னார்: ‘ஒண்ணை ஒண்ணு இல்லம்மா. ரெண்டும் நடுவுல இருக்கிற ஒரு பொது இடத்தைச் சுத்துது.’

அம்மா சற்று நேரம் மேலே பார்த்திருந்தார்.

‘அப்படின்னா சரி’ என்றார்.